வரப்பில் ஒரு நண்டு வளை: போக்குவரத்து அமைச்சுக்கு மெர்கோங்கிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து அமைச்சுக்கு,



அலோர் ஸ்டார், மெர்கோங் தொழிற்பேட்டையில் சரக்கு அனுப்பும் சிறிய அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கும் கஸ்டம் படிவமும் பார்த்து வருகிறேன். ஒன்பது லோரி, அலுவலகத்தில் நான்கு பேர், மூன்று கணினி. இவ்வளவுதான் எங்கள் நிறுவனம். எங்களைப் போன்றவர்கள் அமைச்சுக்கு எழுதினால் டீசல் விலை, சாலை வரி, எடை வரம்பு என்றுதான் எழுதுவோம். ஆனால் இந்த மடலை எழுத வைத்தது ஒரு மின்னஞ்சல்.

சென்ற ஆண்டு, ஒரு வியாழக்கிழமை மாலை நான்கரை மணி. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் வியாழன் மாலை எங்களுக்கு எப்போதும் நெருக்கடிதான். லோரிகளை அனுப்ப வேண்டும், டி.ஓ. எனும் சரக்கு ஒப்படைப்புத் தாள்களைச் சரிபார்க்க வேண்டும், கட்டவேண்டிய பணத்தைக் கட்டி முடிக்க வேண்டும். அந்த நேரத்தில், நாங்கள் மாதா மாதம் பணம் கட்டும் கப்பல் முகவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இன்றைய தொகையைப் புதிய கணக்கில் போட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தது. இணைத்திருந்த பில்லில் கொள்கலன் எண் சரி, சீல் எண் சரி, தொகையும் காசு பிசகாமல் சரி: 48,000 ரிங்கிட்.

எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் தங்கை எல்லாவற்றையும் தட்டிவிட்டு, கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, நேத்துதானே அந்த ஆபிஸ்ல பேசினேன். கணக்கு மாறினதா ஒரு வார்த்தை சொல்லலையே?"

அந்தக் கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. பழைய எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தோம். அவர்கள் கணக்கு மாறவே இல்லை. பிறகு மின்னஞ்சல் முகவரியை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். 'எம்' இருக்கவேண்டிய இடத்தில் 'ஆர்' எழுத்தும் 'என்' எழுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றன. திரையில் பார்த்தால் எம் போலவே இருந்தது. பணம் போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலைவரை எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. வியாழன் மாலையைத் தேர்ந்தெடுத்தவனுக்கு எங்கள் ஊர் விடுமுறையும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பணம் தப்பியது. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சீல் எண் எங்களுக்கும் முகவருக்கும் வேறு ஓரிருவருக்கும் மட்டுமே தெரிந்த எண். அது அந்தப் பொய் பில்லில் எப்படி வந்தது? யாரோ ஒருவர் எங்கள் அஞ்சல் பெட்டியையோ அவர்கள் அஞ்சல் பெட்டியையோ பல நாளாக உட்கார்ந்து படித்திருக்கிறார். பணத்துக்காகப் படித்தவர் அதோடு நிற்பார் என்பதற்கு என்ன உறுதி? எந்தக் கொள்கலன், எந்த லோரி, எந்த நேரம், எந்த வாயில் என்பதெல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன.

இதன் கனம் புரிய, எங்கள் ஊர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை. தெற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடினால் பினாங்குத் துறைமுகத்தின் பட்டர்வொர்த் கொள்கலன் முனையம். தென் தாய்லாந்து ரப்பர் இந்த வழியாகத்தான் பினாங்குத் துறைமுகத்துக்கு இறங்குகிறது. கெடாவின் அரிசி, கையுறைகள் எல்லாம் இந்த வழியில்தான் ஓடுகின்றன. ஒரு கொள்கலன் மெர்கோங் வாசலைத் தாண்ட, கஸ்டமுக்குக் கே-2 ஏற்றுமதிப் படிவம் போக வேண்டும், கப்பல் நிறுவனத்தில் இடம் உறுதியாக வேண்டும், துறைமுக வாயிலில் நேரம் பதிவாக வேண்டும், ஓட்டுநரின் கைத்தொலைபேசிக்கு டி.ஓ. வர வேண்டும். இவை அத்தனையும் கணினி வழி. ஒன்று நின்றாலும் நாற்பதடிக் கொள்கலன் சாலையோரம் நிற்கும்.

நம் மலேசியா இந்த ஆபத்தைக் கவனிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2024 ஆகஸ்டு 26 அன்று இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 854ஆம் சட்டம், நடைமுறைக்கு வந்தது. நாட்டின் உயிர்நாடியான 11 துறைகளை அது வரிசைப்படுத்தியது. போக்குவரத்து அதில் ஒன்று. வேளாண்மையும் தோட்டத் தொழிலும் இன்னொன்று. முக்கியத் தகவல் உள்கட்டமைப்பு என்று அறிவிக்கப்பட்ட நிறுவனம் தாக்குதலுக்கு ஆளானால் 6 மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஆபத்து மதிப்பீடு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை. தெரிவிக்கத் தவறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் அல்லது 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். போக்குவரத்துத் துறைக்கு இதில் தலைமை ஏற்றிருப்பது உங்கள் அமைச்சுதான்.

சட்டம் வந்த ஏழே மாதத்தில் அதன் தேவை வெளிப்பட்டது. 2025 மார்ச் 23 அன்று கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள் என்றும், கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் பிரதமர் அன்வார் இப்ராஹிம் வெளிப்படையாகவே அறிவித்தார். விமானச் சேவை பாதிக்கப்படவில்லை என்று அதிகாரிகள் கூறினர். ஆனாலும் விமான நேரங்களை வெள்ளைப் பலகையில் கையால் எழுதி வைத்த படங்களை நாடே பார்த்தது.

விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் சட்டம் காவல் நிற்கிறது. அங்கே தினமும் பில் அனுப்பும், வாயில் நேரம் பதியும், டி.ஓ. எடுக்கும் எங்களைப் போன்ற சிறு அலுவலகங்களுக்கு யார் நிற்கிறார்கள்? மூடா நீர்ப்பாசன வயல்களைச் சுற்றிலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வரப்பு எவ்வளவு உயரமாக இருந்தாலும் அடியில் ஒரு நண்டு வளை போதும், விடிவதற்குள் வயல் வடிந்துவிடும். சரக்குப் போக்குவரத்தின் நண்டு வளைகள் எங்கள் அலுவலகங்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. உண்மையை உள்ளிருப்பவன்தான் சொல்ல வேண்டும்.

உலகத்தில் நடந்ததைப் பாருங்கள். 2017 ஜூன் 27 அன்று மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது. கொள்கலன் கப்பல் தொழிலில் அன்று அதைவிடப் பெரிய நிறுவனம் இல்லை. அதற்குள் நுழைந்த நச்சு நிரல், உக்ரைன் நாட்டில் வரிக் கணக்குப் போடப் பயன்படும் ஒரு சாதாரண மென்பொருளின் புதுப்பிப்பில் ஒளிந்து வந்தது. யாரோ ஒரு கணக்கர் பயன்படுத்தும் மென்பொருள். அதன் விளைவாக மும்பைக்குப் பக்கத்தில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையமும் நின்றுபோனது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் புதிதாக நிறுவி எழுந்தார்கள். இழப்பு 20 கோடி முதல் 30 கோடி டாலர் வரை. அவர்களால் எழ முடிந்ததற்கு ஒரு காரணம் கேட்டால் மலைத்துப் போவீர்கள். ஆப்பிரிக்காவில் கானா அலுவலகத்தில் அந்த நேரம் மின்வெட்டு. அதனால் அங்கிருந்த ஒரு சர்வர் மட்டும் வலையில் இல்லாமல் தப்பியது. உலகெங்கும் அழிந்துபோன பயனர் பதிவுகளை அதிலிருந்துதான் மீட்டார்கள்.

2021 ஜூலை 22 அன்று தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்நெட் நிறுவனம் தாக்கப்பட்டது. டர்பன் துறைமுகத்தின் கொள்கலன் முனையங்கள் நின்றன; ஒப்பந்தப்படி வேலை செய்ய முடியாத நிலை என்று சட்டப்படி அறிவிக்கும் அளவுக்குப் போனது. நம்மவர்களுக்கு டர்பன் அந்நிய ஊர் இல்லை. 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு இறங்கிய துறைமுகம் அது. நம் முன்னோர் பினாங்கில் இறங்கியது போல.

2023 ஜூலை 4 காலை ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் கணினிகள் நின்றன. மிரட்டல் கடிதம் அலுவலக அச்சுப்பொறி வழியாக வந்தது. இரண்டரை நாள் கொள்கலன் ஏற்றுவதும் இறக்குவதும் நடக்கவில்லை. அதன் பிறகுதான் துறைமுகப் பணியையும் முக்கிய உள்கட்டமைப்பாக ஜப்பான் பட்டியலில் சேர்த்தது.

இவையெல்லாம் பெரியவர்கள் கதை. எங்கள் அளவுக்கு நெருங்கிய கதை இங்கிலாந்தில் நடந்தது. நைட்ஸ் ஆஃப் ஓல்ட் என்பது 1865இல் தொடங்கிய சரக்கு வண்டி நிறுவனம். குதிரை வண்டிக் காலத்திலிருந்து நின்ற பெயர். அதை நடத்திய கே.என்.பி. குழுமத்திடம் ஏறக்குறைய 500 லோரிகள் இருந்தன. காப்புறுதியும் எடுத்திருந்தார்கள். 2023 ஜூனில் அகிரா என்ற கும்பல் உள்ளே புகுந்து எல்லாத் தரவுகளையும் பூட்டியது. ஊழியர் ஒருவரின் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் வழியாகவே புகுந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. மூன்று மாதத்தில் நிறுவனம் மூடப்பட்டது. ஏறக்குறைய 700 பேர் வேலை இழந்தார்கள். லோரிகள் அப்படியே இருந்தன, சாலைகள் இருந்தன, ஓட்டுநர்கள் இருந்தார்கள். யாருக்கு எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு மட்டும் இல்லை. 158 ஆண்டு நிறுவனத்தைச் சாய்க்க அது போதுமாக இருந்தது.

இதைப் படித்த அன்று எங்கள் அலுவலகத்தைக் கண் திறந்து பார்த்தேன். கணினித் திரையின் ஓரத்தில் மஞ்சள் தாளில் கடவுச்சொல் ஒட்டியிருந்தது. துறைமுக இணையத்தளத்துக்கு நான்கு பேரும் ஒரே பெயரில் நுழைந்துகொண்டிருந்தோம். எங்களோடு அதே பெயரில் நுழைந்துவந்த இன்னொருவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது, கடவுச்சொல் மாறவில்லை. கணக்கு மென்பொருள் யாரோ போட்டுக் கொடுத்த திருட்டுப் பிரதி. தரவுகளின் நகல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தது, ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் இரவும் பகலும் அதே கணினியில் செருகியே இருந்தது. வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வாசலில் தொங்கவிட்டது போல. எங்கள் தெருவில் மற்ற அலுவலகங்களிலும் இதே காட்சியைப் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனத்தால் அப்படி விட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இது ஆபத்து என்று அவர்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

என் அப்பா சுங்கை பட்டாணிப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கிராணியாக இருந்தார். காலையில் ஆள் எண்ணும் பெரட்டு, மதியம் பால் கொட்டகையில் எடை. ஒவ்வொருவர் பாலையும் நிறுத்து, எடையைத் தன் புத்தகத்தில் எழுதுவார். அதே எடையைத் தொழிலாளியின் கையிலிருக்கும் சிறு அட்டையிலும் எழுதிக் கொடுப்பார். மாதக் கடைசியில் தகராறு வந்தால் புத்தகத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒருமுறை மழையில் அலுவலகக் கூரை ஒழுகி அப்பாவின் புத்தகம் பாதி ஊறிப்போனது. அந்த மாதச் சம்பளம் ஒரு காசும் குறையவில்லை. வீடு வீடாகப் போய் அட்டைகளை வாங்கிப் புத்தகத்தைத் திரும்ப எழுதினார். ஒரு கணக்கு, இரண்டு இடம்; ஒன்று நனைந்தாலும் மற்றது நனையாத தூரம். கானாவின் அந்த ஒற்றைச் சர்வர் மெர்ஸ்க்குக்குச் செய்ததும் இதே வேலைதான்.

ஆகவே அமைச்சிடம் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, எங்கள் லோரிகளின் பிரேக்கையும் டயரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பகோமில் சோதிக்கிறோம். பிரேக் இல்லாத லோரி அடுத்தவர் உயிரையும் வாங்கும் என்பதால் அந்தச் சோதனை. பூட்டில்லாத கணினியும் அடுத்தவர் வயலை வடிக்கும். சரக்கு வாகன உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கணினிப் பாதுகாப்புக்கு ஒரே ஒரு பக்கம் சேருங்கள். ஐந்து விதி போதும்: ஆளுக்கொரு நுழைவுப் பெயரும் அதற்கு இரட்டைச் சரிபார்ப்பும்; வங்கிக் கணக்கு மாற்றம் என்றால் பழைய எண்ணில் தொலைபேசி உறுதி; வாரம் ஒருமுறை நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றி வேறு இடத்தில் வைப்பது; உரிமமுள்ள மென்பொருளும் அதன் புதுப்பிப்புகளும்; வேலையை விட்டவரின் நுழைவை அன்றே மூடுவது. முதல் இரண்டு ஆண்டு அபராதம் வேண்டாம், வழிகாட்டல் மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது, இதை எங்கள் மொழியில், எங்கள் ஊரில் வந்து சொல்லுங்கள். மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம் ஊர்களில் அரை நாள் பயிற்சி போதும். தலைநகர் நட்சத்திர விடுதியில் நடக்கும் கருத்தரங்குக்கு எங்கள் ஓட்டுநரும் கணக்கெழுதும் தங்கையும் வர மாட்டார்கள். ஆனால் கதவைத் திறப்பவர்கள் அவர்கள்தான்.

மூன்றாவது, நடக்கவிருந்து நடக்காமல் போன தாக்குதலைச் சொல்ல ஓர் இடம். பணம் பறிபோனால் 997 எண்ணை அழைக்கலாம் என்று தெரியும். எங்களுக்குப் பணம் போகவில்லை, அதனால் யாரிடமும் சொல்லாமல் விட்டோம். சைபர்999 என்ற உதவிச் சேவை இருப்பதையே பிறகுதான் அறிந்தேன். அது எங்கள் அறியாமை. ஆனால் எங்களுக்கு வந்த அதே மின்னஞ்சல் அதே வாரம் பட்டர்வொர்த்தில் இன்னொருவருக்கும் போயிருக்கலாம். நாங்கள் சொல்வது அன்றே மற்ற லோரி நிறுவனங்களின் கைத்தொலைபேசிக்கு எச்சரிக்கையாகப் போகும்படி ஒரு வழி செய்யுங்கள். சொன்னவரைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான்காவது, ஆண்டுக்கு ஒருநாள் 'தாள் நாள்' ஒத்திகை நடத்துங்கள். துறைமுகம், கஸ்டம், இரயில், லோரி நிறுவனங்கள் சேர்ந்து, கணினி இல்லையென்றால் என்ன செய்வோம் என்று சில மணி நேரமாவது நடத்திப் பார்க்க வேண்டும். எந்தத் தாள் செல்லும், யார் முத்திரை செல்லும், எந்த வாயில் திறக்கும், மருந்தும் உணவும் முதலில் போக யார் உத்தரவிடுவார்? இவற்றை அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்க முடியாது. தீயணைப்பு ஒத்திகைக்குப் பள்ளிப் பிள்ளைகளைத் திடலில் நிறுத்துகிறோமே, அது போலத்தான்.

ஐந்தாவது, பெரியவர்களின் பொறுப்பு. தங்கள் இணையத்தளம் வழியாகத்தான் வரவேண்டும் என்று எங்களைக் கட்டாயப்படுத்தும் துறைமுகங்களும் கப்பல் நிறுவனங்களும், ஒரு நிறுவனத்துக்கு ஒரு நுழைவு என்று கொடுக்காமல், ஆளுக்கொன்று இலவசமாகக் கொடுக்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பை அவர்களே நிபந்தனையாக்க வேண்டும். துறைத் தலைமை என்ற முறையில் இதை அவர்களிடம் கேட்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

செலவு கூடும், சிறு நிறுவனங்கள் தாங்காது என்று சிலர் சொல்வார்கள். எங்கள் கையால் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு லோரி டயரின் விலைக்குள் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினோம். இரட்டைச் சரிபார்ப்புக்குக் காசில்லை. கடவுச்சொல் மாற்றக் காசில்லை. பழைய எண்ணுக்குத் தொலைபேசியில் பேச இரண்டு நிமிடம். கணக்கு மென்பொருளுக்கு உரிமம் வாங்கியதுதான் எங்களுக்கு வந்த பெரிய செலவு. சிறு தொழில்களை இலக்கவியலுக்கு மாற்ற அரசு மானியம் தருகிறது. அதில் ஒரு பகுதி பாதுகாப்புக்கே என்று ஒதுக்கினால் அந்தச் செலவும் பாரமாகாது. சிங்கப்பூரும் பிரிட்டனும் 'சைபர் எசென்ஷியல்ஸ்' என்ற பெயரில் சிறு நிறுவனங்களுக்கான அடிப்படைச் சான்று வைத்திருக்கின்றன. நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவுமில்லை.

என் தொழில்காரர்களுக்கும் ஒரு சொல். முதலாளிமாரே, நம்மிடம் திருட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். நம்மிடம் இருப்பது அடுத்தவர் வாசலின் சாவி. அமைச்சு வரும்வரை காத்திருக்க வேண்டாம். திரையோரத்து மஞ்சள் தாளை இன்றைக்கே கிழித்துவிடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் நுழைவை இன்றைக்கே மூடுங்கள். சந்தேகம் கேட்கும் ஊழியரை, வேலை தாமதமாகிறது என்று திட்டாதீர்கள். எங்கள் 48,000 ரிங்கிட்டைக் காப்பாற்றியது எந்த மென்பொருளும் இல்லை. கேட்கத் துணிந்த ஒரு பெண்.

அமைச்சின் மேசையில் ஆயிரம் கோப்புகள் இருக்கும். இது அவற்றில் சிறியது. நாங்கள் கேட்பது உரிமப் படிவத்தில் ஒரு பக்கம், எங்கள் ஊரில் அரை நாள், ஆண்டுக்கு ஓர் ஒத்திகை. வயல் வடிந்த பிறகு வரப்பைக் கட்டுவதற்கு ஆகும் செலவை டர்பனும் நகோயாவும் அந்த இங்கிலாந்து லோரி நிறுவனமும் கொடுத்து முடித்துவிட்டன. நாம் நீர் இருக்கும்போதே வளையை அடைப்போம்.

இப்படிக்கு,
மெர்கோங் சரக்கு அலுவலகம் ஒன்றின் எழுத்தர்